லேப்டாப்பில் மட்டும் வைஃபை அறுந்து போகிறதா?

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு. ரூட்டர் ஹாலில், நான் வேலை பார்ப்பது பக்கத்து அறையில். விண்டோஸ் 11 லேப்டாப்பில் மணிக்கு இரண்டு மூன்று தடவை வைஃபை துண்டித்து, அரை நிமிடத்தில் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. மீட்டிங் நடுவில் இப்படி ஆனால் மானம் போகிறது. புகார் கொடுத்ததும் ஆள் வந்து ரூட்டரையே மாற்றிவிட்டுப் போனார். பலன் இல்லை. அதே அறையில் செல்போனில் பிரச்சினையே இல்லை.
- வாசகி, கும்பகோணம்

பதில்: செல்போனில் சிம் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா? வைஃபை தடுமாறினால் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. டேட்டாவை அணைத்து ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டும் போன் தடுமாறவில்லை என்றால்தான் கோளாறு லேப்டாப்பில் என்று சொல்ல முடியும்.

அதை உறுதிசெய்ய ஒரு சோதனை. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டினால் கறுப்பு ஜன்னல் திறக்கும். அப்படி இரண்டு ஜன்னல்களைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ஆங்கில எழுத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரி, மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடு, ஒட்டினாற்போல் டி. ரூட்டர் முகவரி அதன் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. மற்றதில் இதேபோல் 8.8.8.8; இது வெளியே இணையத்தில் உள்ள கூகுள் சர்வரின் முகவரி. இரண்டையும் ஓடவிட்டு வேலையைப் பாருங்கள். துண்டிக்கும் நேரத்தில் ரூட்டர் 2, 3 மில்லிசெகண்டில் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்றால் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு வெளி லைனில். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (லைனில் சிக்னல் இல்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துப் புகார் கொடுங்கள். இரண்டு ஜன்னலும் ஒன்றாக நின்றால், கோளாறு ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில். உங்கள் வீட்டில் இதுவாகத்தான் இருக்கும்.

முதல் சந்தேகம் மின்சார சிக்கனத்தின் மேல். பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் வைஃபை கார்டைத் தூங்க வைக்கிறது. சில கார்டுகள் சரியாக விழிப்பதில்லை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் உங்கள் வைஃபை கார்டு. இரட்டைக் கிளிக் செய்தால் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கம் இருக்கும். கணினி இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்னும் முதல் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்புகளில் இந்தப் பக்கமே வராது. இன்டெல் கார்டாக இருந்தால் அட்வான்ஸ்டு பக்கத்தில் மைமோ பவர் சேவ் மோட் என்பதை ‘நோ எஸ்எம்பிஎஸ்’ என்று மாற்றுங்கள்.

அடுத்தது, புது ரூட்டர் வந்த வீடுகளில் அடிக்கடி பார்க்கும் சங்கதி. ரூட்டரின் இரண்டு வைஃபை அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் ஒரே பெயரில் இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் மெலியும். பக்கத்து அறையில் இருக்கும் லேப்டாப் இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங் உறையும். ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, லேப்டாப்பை ஒன்றில் மட்டும் இணைத்து, மற்றதை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் ரோமிங் அக்ரெசிவ்னெஸ் (எவ்வளவு சுலபமாகத் தாவலாம் என்ற அளவு) 3-இல் இருக்கும். அதை 1 ஆக்குங்கள். 2.4-ஐத் தேர்ந்தெடுத்தால் ரூட்டரில் சேனலை (அலைவரிசைக்குள் உள்ள பாதையை) ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

இதற்கும் அடங்காவிட்டால் டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள். விண்டோஸ் அப்டேட் தருவதை விட, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உள்ளதே மேல். பழையதை நீக்கும் முன் புதியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீக்கிய பிறகு வைஃபையே இல்லாமல் எதை வைத்து இறக்குவீர்கள்? ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக்’ போதும். நெட்வொர்க் ரீசெட் கடைசி ஆயுதம்: சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் போய்விடும், ஆபீஸ் விபிஎன்னைத் திரும்ப அமைக்க வேண்டிவரும்.

கேள்வி: லேப்டாப் மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் சிக்னல் இரண்டு கோடாகிறது, நிமிர்த்தினால் சரியாகிறது. இதுவும் செட்டிங்கா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை, வயர். பெரும்பாலான லேப்டாப்புகளில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் கீல் வழியாகக் கீழே இறங்கி, வைஃபை கார்டில் உள்ள இரண்டு பொட்டு அளவு முனைகளில் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். ஆயிரம் தடவை திறந்து மூடும்போது கீலில் வயர் நைந்துவிடும். சமீபத்தில் எஸ்எஸ்டி மாற்றவோ ஃபேன் துடைக்கவோ கொடுத்திருந்தால், முனை சரியாக மாட்டாமல் விட்டிருக்கவும் வாய்ப்புண்டு; அதை மறுபடி அழுத்தி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. நைந்த வயர் என்றால் திரையைப் பிரிக்க வேண்டும், கூலி கூடும். பழைய லேப்டாப்பாக இருந்தால் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிவிடுவதே லாபம். அதை ஹார்ட் டிஸ்க் செருகிய யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அங்கிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 சிக்னலைக் கெடுக்கும். அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வையுங்கள்.

கேள்வி: 2.4 எப்போதும் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் சில சமயம் பட்டியலிலிருந்தே காணாமல் போய், ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வருகிறது. லேப்டாப், போன் இரண்டிலும்.
- வாசகர், சென்னை

பதில்: ரூட்டர் ரேடாருக்கு வழிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரை உள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் போன்ற துடிப்பு கேட்டால் ரூட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும், அரை மணி நேரம் திரும்பக் கூடாது என்பது விதி. போகும் புதுச் சேனலும் இதே வரிசையில் இருந்தால் குறைந்தது 60 நொடி காது கொடுத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பலாம். பெயர் மறைவது அப்போதுதான். சில ரூட்டர்கள் வெறும் இரைச்சலையும் ரேடார் என்று நினைத்துப் பயந்துவிடும். சேனலை 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக வைத்து, அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். 160 வைத்தால் அது 52-க்கு மேலும் நீண்டு, பழையபடி ரேடார் எல்லைக்குள் போய்விடும்.