ஒன்ராறியோ ஏரிகளில் பிள்ளைகளோடு தூண்டில்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். பனி உடைந்து ஏரி திறந்தவுடன் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். ஊரில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் கம்புத் தடியும் நூலுமாய்த் தொடங்கியவன் நான். கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாக ரைஸ் லேக், ஸ்கூகொக், சிம்கோ ஏரிக் கரைகளில் நிற்கிறேன். கரையிலும் டொக்கிலும் (படகுத்துறையிலும்) நின்று பிடிப்பதைப் பற்றிக் கேளுங்கள். பெரிய படகு, ஆழ்கடல் போன்ற ஏரி நடுவில் சம்மன் மீன் பிடிப்பது என் துறை இல்லை.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. முதல்முறை போகிறோம். எங்கே போவது, என்ன வாங்குவது?

தங்கச்சி, முதல்முறைக்குப் பெரிய மீனை நினைக்காதேங்கோ. சன்ஃபிஷ், பேர்ச் இரண்டும் போதும். மே கடைசியிலிருந்து அவை கரையோரம் வந்துவிடும், புழுவைக் கண்டால் நிற்காது. ரைஸ் லேக்கின் தென்மேற்கு முனையில் பியூட்லி என்ற சிறிய ஊர் இருக்கிறது, அல்லது ஸ்கூகொக் ஏரியில் போர்ட் பெரிக் கரைப் பூங்கா. இரண்டும் ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் முன்பின்.

பொத்தானை அமத்தி எறிகிற சிறுவர் தடி ஒன்று, ஆறு இறாத்தல் நூல், எட்டாம் நம்பர் தூண்டில் ஊசி, பென்சில் போன்ற மெல்லிய மிதவை, சின்ன ஈயக்குண்டு இரண்டு. ஈயத்தைப் பல்லால் கடித்து மூடாதேங்கோ, குறட்டால் அமத்துங்கோ. பெரிய உருண்டை மிதவை வேண்டாம். சின்ன மீன் இழுத்தால் அது அசையாது, பிள்ளைக்குத் தெரியவும் வராது. நாக்கிளிப் புழுவை முழுதாய்க் குத்தாமல் சுண்டுவிரல் நகத்தளவு துண்டு போடுங்கோ. மிதவையிலிருந்து ஊசி இரண்டு, மூன்று அடி கீழே இருந்தால் சரி.

மீன் வந்ததும் முதலில் உங்கள் கையை ஏரித் தண்ணீரில் நனையுங்கோ. சன்ஃபிஷின் முதுகில் வரிசையாய் முள் நிற்கும். தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாய் உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனால் முள் படிந்துவிடும், குத்தாது. மகளுக்கு இதை ஒருமுறை காட்டினால் அடுத்ததை அவளே பிடிப்பாள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் உயிர்காப்பு அங்கி. படகில் ஏறாவிட்டாலும், டொக்கில் நின்றாலும், கரையில் கல்லில் இருந்தாலும். மே மாதம் வெயில் சுடும், தண்ணீர் இன்னும் குளிர்தான். அந்தக் குளிரில் விழுந்தவுடன் மூச்சு தன்பாட்டில் இழுபடும், நீச்சல் தெரிந்த பிள்ளையும் முதல் நிமிடத்தில் தண்ணீர் குடித்துவிடும்.

மார்க்கத்திலிருந்து ஒருவர்: லைசன்ஸ் ஆருக்கு வேணும்?

கனடாவில் வசிப்பவர்களில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடி, வேட்டைக்கு மாகாணம் தரும் அட்டை) மீன்பிடி லைசன்ஸும் வேணும். 18 வயதுக்குக் கீழும் 65உம் அதற்கு மேலும் என்றால் பிறந்த திகதி உள்ள அரசாங்க அடையாள அட்டை போதும். லைசன்ஸில் இரண்டு வகை: ஸ்போர்ட், கொன்சர்வேஷன். இரண்டாவது மலிவு, எடுக்கக்கூடிய மீனின் எண்ணிக்கையும் குறைவு. சிம்கோவில் பேர்ச் முதலாவதில் 50, இரண்டாவதில் 25. குடும்பத்துக்கு 25 பேர்ச் தாராளம்.

ஏஜக்ஸிலிருந்து: அப்பா ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருக்கிறார், வயது 71. முதியவர் என்றபடியால் லைசன்ஸ் வேண்டாம்தானே?

வேணும். 65 வயதுச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அப்பாவுக்கு வெளிநாட்டவர் லைசன்ஸ் எடுங்கோ. அன்னையர் தினம், தந்தையர் தின வார இறுதிகள், கனடா தினத்தை ஒட்டிய மீன்பிடிக் கிழமை ஆகியவற்றில் லைசன்ஸ் இல்லாமல் பிடிக்கலாம் என்பதும் கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு ‘சும்மா வைத்திருக்கிறார்’ என்று அதிகாரியிடம் சொல்லி எழுபத்தொரு வயது மனிசனைத் தலைகுனிய வைக்காதேங்கோ.

பிறம்ரனிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, சிம்கோவில் ஒருவர் விரால் பிடித்ததாய்ப் படம் போட்டிருந்தார். இங்கே விரால் இருக்கோ?

படத்தை நானும் பார்த்தேன். அது போஃபின், இந்த ஏரிகளில் இயல்பாகவே வாழும் பழைய சாதி மீன். நீண்ட முதுகுத் துடுப்பையும் உருண்டை உடம்பையும் பார்த்து எங்கள் ஆட்கள் விரால் என்று நினைப்பது நியாயம். வயிற்றுப்பக்கம் திருப்பிப் பாருங்கோ. மலவாய்க்குப் பின்னால் உள்ள துடுப்பு விராலுக்கு நீளமாய் ஓடும், போஃபினுக்குக் கட்டையாய் இருக்கும். வால் அடியில் கரும்புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஆண் போஃபின்.

உயிருள்ள விராலை வைத்திருப்பதும் கொண்டுவருவதும் ஒன்ராறியோவில் சட்டப்படி தடை. ஊர் ருசிக்கு ஆசைப்பட்டு ஆராவது ஏரியில் விட்டால் இங்குள்ள மீன் குலமே ஆட்டம் காணும். எந்த உயிர்மீனையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாதேங்கோ. வாளித் தண்ணீரையும் மிஞ்சிய இரைமீனையும் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் ஊற்றுவது குற்றம். புழு டப்பாவின் மண் குப்பைத்தொட்டிக்குப் போகட்டும்.

பிக்கறிங்கிலிருந்து: மே நடுப்பகுதியில் டொக்குக்குப் பக்கத்தில் பெரிய பாஸ் மீன் அசையாமல் நிற்கிறது. பிடித்துப் படம் எடுத்துவிட்டு விடலாம்தானே?

மூடிய காலத்தில் விடுகிற எண்ணத்தோடு பிடிப்பதும் குற்றம். ரைஸ் லேக் இருக்கும் 17ஆம் மீன்பிடி வலயத்தில் பாஸ் பிடிக்கும் காலம் திறப்பது ஜூன் மூன்றாம் சனிக்கிழமை. மற்ற வலயங்களின் திகதியை மாகாண அரசின் கையேட்டில் பாருங்கோ.

அதே பிக்கறிங் அன்பர்: சட்டம் தெரியும். நியாயம் கேட்கிறேன். கொல்லவில்லை, காயப்படுத்தவில்லை, ஒரு நிமிடத்தில் தண்ணீருக்குள் விடுகிறேன். அதில் என்ன அழிவு?

இதற்கு நேரம் எடுத்துப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் கன பேர் கேட்காமல் செய்கிறார்கள்.

அந்த மீன் ஏன் அசையாமல் நின்றது என்று யோசித்தீர்களா? அது தகப்பன். தண்ணீர் 15 பாகை அளவுக்குச் சூடானதும் ஆண் பாஸ் வாலால் அடித்து மணலையும் சேற்றையும் விலக்கி, சுளகு அளவில் வட்டமாய் ஓரிடத்தைச் சுத்தம் செய்யும். பெண் வந்து முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு காவல் முழுக்க ஆணுக்கு. முட்டைக்கு மேல் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், சரியாய்ச் சாப்பிடாது. குஞ்சு பொரித்த பிறகும் கிழமைக் கணக்கில் கூடவே திரியும்.

கிட்ட வருகிற எதையும் அது தாக்கும். அதனால்தான் உங்கள் இரையைக் கடிக்கிறது, பசியில் அல்ல. நீங்கள் இழுத்து எடுத்த அந்த ஒரு நிமிடத்தில் சுற்றி நிற்கும் சன்ஃபிஷும் பேர்ச்சும் கோபி என்ற சின்ன மீனும் கூட்டுக்குள் பாயும். களைத்துப்போய்த் திரும்பி வரும் தகப்பன் முட்டை குறைந்திருந்தால் கூட்டையே கைவிட்டுவிடும். கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒப்பினிக்கன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்து உயிரியல் நிலையம் இருக்கிறது. பாஸ் கூட்டையும் தகப்பன் காவலையும் அங்கே பல வருடங்களாய் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வவுனியாவைச் சேர்ந்த, இப்போது மிசிசாகாவில் உள்ள ஒரு ஐயா: அப்படியென்றால் சன்ஃபிஷும் கூடு கட்டுதே? பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கச் சொல்கிறீர்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்போ?

ஐயா கேட்டது சரியான கேள்வி. சன்ஃபிஷும் ஆண்தான் காவல் நிற்கும். அது கூட்டம் கூட்டமாய் நெருக்கமாய்க் கூடு கட்டும், சின்ன வயதிலேயே இனம் பெருக்கும், தொகையும் மிக அதிகம். பாஸ் ஒரு கூட்டுக்கு ஒரு பெரிய ஆண், அது அந்த அளவுக்கு வளர வருடங்கள் வேணும். ஆனாலும் ஜூனில் பிள்ளைகளோடு நிற்கும்போது கூட்டுவட்டம் தெரிந்தால் அதற்குமேல் மிதவையைப் போட நான் விடுவதில்லை. பத்தடி தள்ளிப் போட்டாலும் மீன் வரும்.

பிக்கறிங் அன்பர் மீண்டும்: ஊரில் இப்படி ஆர் பார்த்தது? குளத்தில் கிடைத்ததைப் பிடித்தோம், மீன் அழியவில்லையே.

ஊரில் பார்த்தோம், அண்ணை. விரால் குஞ்சுக்கூட்டம் செம்மஞ்சள் பந்து மாதிரி மேலே வந்து மூச்செடுத்துவிட்டுத் தாழும். கீழே தாயும் தகப்பனும் கறுப்பாய் நிற்கும். அந்த நேரம் தவளைக் குஞ்சை எறிந்தால் கட்டாயம் கடிக்கும் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பெடியளுக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் நானும் எறிந்தேன், பெரிய விரால். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மப்பா மீனைப் பார்த்தார், ‘குஞ்சோட நிண்டதோ?’ என்று மட்டும் கேட்டார். அன்று அவர் அந்தக் குழம்பைத் தொடவில்லை. அடுத்த நாள் அதே இடத்துக்குக் கூட்டிப் போனார். செம்மஞ்சள் பந்து இல்லை, நாலைந்து குஞ்சு சிதறித் திரிந்தது, கெளிறு சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு திகதி போட்டு அதை இங்கே சட்டமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நோர்த் யோர்க்கிலிருந்து: பிடித்த மீனைச் சாப்பிடலாமா? கார்ப் மீன் குழம்பு வைக்கலாமா?

சாப்பிடலாம். ஏரி, மீன், அளவு மூன்றையும் வைத்து மாதம் எத்தனை தரம் என்று சொல்லும் அரசாங்க வழிகாட்டி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அதில் தனிக் கணக்கு. பொது விதி: சின்ன மீன் நல்லது. மற்ற மீனைத் தின்று பெருத்த கிழட்டு மீனில் பாதரசம் கூட, அது வெட்டினாலும் பொரித்தாலும் போகாது. கார்ப், சம்மன் போன்ற கொழுப்பு மீனில் சேரும் வேறு நச்சுகளைத் தோலும் வயிற்றுக் கொழுப்பும் நீக்கிக் குறைக்கலாம்.

கார்ப்பில் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைச் சீவி எறியுங்கோ, சேற்று மணம் பெரும்பாலும் அதில்தான். சதையில் கவர்முள் கனக்க. மிக நெருக்கமாய்க் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் தேசிக்காயும் பிரட்டி நல்ல சூட்டில் பொரித்தால் முள் மொறுமொறுக்கும். குழம்புக்கு பேர்ச் மேல்.

அளவுக் கட்டுப்பாடு உள்ள மீனைக் கரையில் வெட்டாதேங்கோ. முழுதாய் ஐஸில் வைத்து வீட்டில் வெட்டுங்கோ.

ஸ்காபரோவிலிருந்து: லைசன்ஸ் பிள்ளைக்கு வேணுமா?

மேலே இருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து: ஸ்கூகொக்கில் பிக்கரெல் (வோலாய் மீன்) பிடிக்க எப்ப திறக்கும்?

ஸ்கூகொக்கில் திறக்காது. தொகை குறைந்ததால் 2016இலிருந்து அங்கே வருடம் முழுக்க மூடல். 17ஆம் வலயத்தின் மற்ற ஏரிகளில் மே இரண்டாம் சனி.

விற்பியிலிருந்து: செப்டம்பரில் போர்ட் ஹோப்பில் சம்மன் ஆற்றில் ஏறும்போது உடம்பில் ஊசியைக் கொழுவி இழுக்கிறார்களே, நாங்களும்...

வேண்டாம். வாயில் பிடிபடாத மீனை உடனே விடவேணும். பிள்ளைகளை அங்கேயுள்ள கனரஸ்கா ஆற்று அணைக்கட்டுக்குக் கூட்டிப் போய், மீன் பாய்வதைக் காட்டுங்கோ.

ஏஜக்ஸிலிருந்து இன்னொருவர்: என் அம்மாவுக்கு 68, லைசன்ஸ்...

நாலாவது முறை கேட்கப்படுகிறது. மேலே இரண்டு பதில்களையும் வாசியுங்கோ, அக்கா.

ஓஷாவாவிலிருந்து: படகு வாடகைக்கு எடுக்கிறோம், எட்டுப் பேர். அங்கி எல்லாம் தருவார்களாம்.

பிள்ளைகளின் எடைக்கு ஏற்றது தருவார்களா என்று முதலே கேளுங்கோ. பெரிய ஆளின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே வழுகும். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கோ. அங்கி காதுவரை ஏறினால் அது அளவில்லை.

பிக்கறிங் அன்பர்: சரி, ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமை தடி கொண்டு போகவில்லை, மகளுக்கு அந்தக் கூட்டைக் காட்டப் போகிறேன். எப்படிப் பார்ப்பது?

காற்று எழும்ப முதல், காலை ஒன்பது பத்து மணிக்குப் போங்கோ. வெயிலை முதுகுப்பக்கம் வைத்து நில்லுங்கோ, ஆனால் உங்கள் நிழல் கூட்டில் விழாத தூரத்தில். இரண்டு பேருக்கும் போலரைஸ்ட் கண்ணாடி எடுங்கோ, தண்ணீர்ப் பளபளப்பு போய் அடிவரை தெரியும். முதலில் மீனைத் தேடாதேங்கோ, வெளிறிய வட்டத்தைத் தேடுங்கோ. மீன் அதற்கு மேல் நிற்கும். மகளுக்கு அங்கி.