கதை, பாட்டு, கட்டுரை எல்லாம் ஒரே புத்தகத்தில்: வாங்கலாமா?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். கதை, பாட்டு, அறிவியல் கட்டுரை எல்லாம் சேர்ந்த 400 பக்கச் சிறுவர் தொகுப்பு ஒன்றை இணையத்தில் பார்த்தேன். கெட்டி அட்டை, விலை 750 ரூபாய், '3 முதல் 12 வயது வரை' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? பக்கம் விட்டுப்போயிருந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: அந்த வயதுக் குறிப்பே என்னைத் தயங்க வைக்கிறது. படம் மட்டும் பார்க்கும் பிள்ளைக்கும், தானே கதைப் புத்தகம் படித்து முடிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத் தொகுத்தால், அதில் பெரும்பகுதி உங்கள் மகளுக்கு உதவாது.

விற்பனைப் பக்கத்தில் பொருளடக்கத்தின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்க வேண்டும். தொகுப்பாசிரியர் பெயர்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடையிலோ புத்தகக் காட்சியிலோ கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. நேராகக் கட்டுரைப் பகுதிக்குப் போங்கள். கதையும் பாட்டும் பழசானால் குற்றமில்லை, தகவல் அப்படியில்லை. புளூட்டோவை 2006இலேயே கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னமும் ஒன்பது கோள்கள் என்றோ, தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்றோ (இப்போது 38) இருந்தால், பழைய பக்கங்களுக்குப் புது அட்டை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிள்ளை அதை நம்பிப் படிக்கும், வகுப்பில் போய்ச் சொல்லும். இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறினால் அது வரி மடக்கி எழுதிய உரைநடைதான். எந்தப் பிள்ளையும் அதைப் பாடப்போவதில்லை.

400 பக்கத்துக்கு நூல் தைத்த பைண்டிங் வேண்டும். ஆங்காங்கே நன்றாக விரித்துப் பார்த்தால் நூல் தெரியும். வெறும் பசை என்றால், பிள்ளைகள் விரித்துப் போட்டுப் படிக்கும்போது தாள் கழன்று வந்துவிடும்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சிட்ட விலைக்கு மேல் வரி என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

பக்கம் விட்டுப்போயிருந்தால் தாராளமாகத் திருப்பலாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புத்தகம் வந்த அன்றே பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள். விட்டுப்போனால் பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கம் மொத்தமாகப் போயிருக்கும். அந்த இடத்தைப் படம் எடுத்து, ரசீதோடு விற்பவருக்கு எழுதுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம்.