சிஸ்டரைக் கேளுங்கள்: அரிசி மூட்டையா, மாத்திரை அட்டையா?

(மார்ச் 2020, மூன்றாம் வாரம்)

பள்ளிக்கூடம், தியேட்டர், மால் எல்லாம் 17-ம் தேதியிலிருந்து மூடியாகிவிட்டது. இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி கொரோனாதான். மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*பக்கத்து வீட்டில் ஐந்து மூட்டை பொன்னி அரிசி இறக்கிவிட்டார்கள். என் கணவரோ, "எல்லாம் வாட்ஸ்அப் புரளி" என்கிறார். மாமியாருக்கு 74 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நான் என்ன வாங்கி வைக்கட்டும், சிஸ்டர்? – வாசகி, விருதுநகர்*

புரளி இல்லை என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் முதல் நோயாளி 7-ம் தேதியே உறுதியானது. ஓமனிலிருந்து வந்தவர். 11-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது. அதற்காக ஐந்து மூட்டை அரிசியா? பாதி தீர்வதற்குள் வண்டு வைத்துவிடும். வழக்கமான மாத லிஸ்ட்டையே போடுங்கள். துவரம்பருப்பு, எண்ணெய், ரவை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். காய் கிடைக்காத அன்றைக்குச் சுண்டைக்காய் வத்தலும் புளியும் இருந்தால் குழம்பு ஆகிவிடும். சிலிண்டர் தீரப்போகிறது என்றால் இன்றே புக் பண்ணிவிடுங்கள்.

நீங்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டியது மாமியாரின் மாத்திரை டப்பாவை. வயதானவர்களையும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களையும்தான் இந்த நோய் அதிகம் படுத்துகிறது. ஒரு மாத மாத்திரை கையில் இருந்தால் அவர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம். எங்கள் வார்டுக்கு வந்த பாட்டிமார் பலர், மாத்திரை குறைகிறதே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, மகனிடம் வாய் திறக்காமல் இருந்தவர்கள். அதனால் கேட்காதீர்கள், அட்டையை எடுத்து எண்ணிவிடுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் புதுக் குப்பியை ஃப்ரிஜ்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்துபோனது வேலைக்கு ஆகாது. அப்புறம் ஒரு தெர்மாமீட்டர், ஒரு அட்டை பாராசிட்டமால். ஆன்டிபயாட்டிக் வாங்கி அடுக்காதீர்கள், வைரஸ் அதற்கு அடங்காது.

*மெடிக்கலில் சின்ன சானிடைசர் பாட்டிலை 200 ரூபாய் என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா? – வாசகர், தஞ்சாவூர்*

வீட்டில் இருப்பவருக்கு எதற்கு? இந்த வைரஸின் மேலுறையில் இருப்பது கொழுப்பு. பாத்திரத்துப் பிசுக்கைக் கரைப்பதுபோல சோப்பு அந்த உறையைக் குலைத்துவிடும், அதோடு வைரஸின் கதை முடிந்தது. எந்த சோப்பானாலும் சரி, 20 விநாடி தேய்க்க வேண்டும். டாக்டர்கள் உட்பட எல்லாருமே உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுக் கட்டைவிரலை மறந்துவிடுவார்கள். அதையும் விரலிடுக்கையும் நகக்கண்ணையும் கவனியுங்கள். பஸ்ஸில் அலைபவர் என்றால் சானிடைசர் வாங்கலாம். ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மாஸ்க்கையும் சானிடைசரையும் 13-ம் தேதி அத்தியாவசியப் பொருள்களில் சேர்த்திருக்கிறார்கள். பில் கேளுங்கள், கேட்டதுமே விலை இறங்கினாலும் இறங்கும்.

*கோழி சாப்பிடலாமா? வாசலில் மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர் தெளித்தால் வராதாமே? – வாசகி, கரூர்*

கோழியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. இந்தப் புரளியால் நாமக்கல் பண்ணைக்காரர்கள் பாவம், நொந்துபோயிருக்கிறார்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் தெளித்துவிட்டோமே என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

*பையன் துபாயிலிருந்து வந்திருக்கிறான். வீட்டில் ஒரே பாத்ரூம். தெருவில் கேட்டால் என்ன சொல்ல? – வாசகி, ராமநாதபுரம்*

வந்திருக்கிறான், 14 நாள் வெளியே வரமாட்டான் என்று சொல்லுங்கள். மறைத்தால்தான் பேச்சு வளரும். அவனுக்கு ஓர் அறை, ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தட்டு, டம்ளர், துண்டு தனி. பாத்ரூமுக்கு எல்லாரும் போய்வந்த பிறகு கடைசியாக அவன். குழாய்ப் பிடியையும் தாழ்ப்பாளையும் அவனே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு வரட்டும். சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ரொம்ப நாள் கழித்து வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற முடியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், தெரியும். காய்ச்சலோ இருமலோ வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் முதலில் 104-க்கு போன் பண்ணுங்கள்.

*வேலைக்கு வரும் அம்மா நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பயமாக இருக்கிறது, நிறுத்திவிடலாமா? – வாசகி, சென்னை*

நிறுத்தலாம், சம்பளத்தோடு. அந்த நான்கு வீட்டிலிருந்து அவருக்கும் தொற்று வரலாம் என்பதை யோசித்தீர்களா? மாதச் சம்பளத்தை இப்போதே கையில் கொடுத்து, "நான் சொல்லும்வரை வர வேண்டாம்" என்று அனுப்புங்கள். கூடவே ரெண்டு சோப்பும் கொடுங்கள்.