பளபளக்கும் டயலும் பர்மாக் கதையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் ஃபேவர் லூபா என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் சாவிக் கைக்கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். ஆரஞ்சு நிற டயல் புத்தம் புதிதாக மின்னுகிறது. ஆறு மணிக்கு அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. “ரங்கூனில் 1938இல் வாங்கின செட்டியார் வீட்டுச் சாமான்” என்கிறார் கடைக்காரர். குறைந்த செலவில் சேகரிக்கத் தொடங்கும் நான் இதை வாங்கலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு இருபுறமும் நிற்கும் அந்த ‘டி’, இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசப்படும் டிரிட்டியத்தைக் குறிப்பது. கடிகார டயல்களில் அது பரவியது 1960களில்தான். கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் செட்டியார்களில் பெரும்பாலோர் 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோதே பர்மாவை விட்டு வந்துவிட்டார்கள். ஆகவே ஒன்று, கதை பொய். அல்லது அந்த எழுத்தின் பொருள் தெரியாமல் வேறொரு கடிகாரத்தைப் பார்த்து யாரோ டயலை அச்சடித்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். பழைய டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் சாயம் பூசி, மறுபடி பெயர் அச்சிட்டு விற்பது நம் நாட்டில் நெடுநாளாக நடக்கும் தொழில். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது கடிகாரக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அசல் டயலில் எழுத்துகள் மயிரிழையாக, ஓரம் பிசிறில்லாமல் இருக்கும். மறுஅச்சில் எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் மணியைக் குறிக்கும் கட்டைகளோடு பொருந்தாமல் சற்றே விலகி நிற்கும். வினாடி முள் தனியாகச் சுற்றும் சிறு வட்டத்தின் விளிம்பில் சாயம் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மங்கி, பழுப்பேறி, இரண்டொரு புள்ளி விழுந்த அசல் டயலைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். என் கணக்கில் அதுவே வாங்கத் தகுந்தது.

பிறகு பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுக்கும் கடையில் விலை பேச வேண்டிய அவசியமே இல்லை. மெஷினில், இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரமான பேலன்ஸ் வீலுக்கு அடியிலோ பக்கத்திலோ, செய்தவரின் குறியும் மெஷின் எண்ணும் பொறித்திருக்கும். டயலில் ஒரு பெயரும் மெஷினில் இன்னொரு பெயரும் இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்; ஏ.எஸ்., எஃப்.ஹெச்.எஃப்., எட்டா போன்ற தொழிற்சாலைகளிடமிருந்து மெஷினை வாங்கிப் பொருத்தியே பல ஸ்விஸ் நிறுவனங்கள் கடிகாரம் விற்றன. துருவும், தலை சிதைந்த திருகாணிகளும்தான் கவலைக்குரியவை. சாவி கொடுத்து, பேலன்ஸ் வீல் தயங்காமல் வீசி ஆடுகிறதா என்று கவனியுங்கள். அக்காலத்துச் சாதாரண மெஷின் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து; அரை மணி நேரத்தில் கைப்பேசியின் நேரத்தைவிடப் பல நிமிடங்கள் முந்தி ஓடினால், பேலன்ஸ் வீலை ஆட்டுவிக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறியோ எண்ணெய் பட்டு ஒட்டியோ இருக்கக்கூடும். இதெல்லாம் தெரிவதற்கு முன் நானும் ஒரு நீல டயலில் மயங்கிப் பணம் கொடுத்தவன்தான். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது, மெஷின் ஆடாமல் இருக்க ஓரத்தில் காகிதம் மடித்துச் செருகியிருந்தது.

குறைந்த செலவு என்றால் வெஸ்ட் எண்ட், ரோமர், டிட்டோனி, காமி, சாதாரண டிஸ்ஸாட் ஆகியவற்றைத் தேடலாம். இவை நம் ஊர்க் கைகளில் நிறையப் புழங்கியதால், உதிரி பாகம் கிடைப்பதும் பழுது பார்க்கத் தெரிந்த முதியவர் அகப்படுவதும் எளிது. சர்வீஸ் கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டின் பெட்டகத்தில் ஐயாவின் பழைய ஸ்விஸ் கடிகாரம் கிடைத்தது. பினாங்கிலிருந்து போருக்கு முன் கொண்டு வந்தது என்று அப்பத்தா சொல்வார்கள். எண்களின் மேல் பூசிய மஞ்சள் பொடி உதிர்கிறது. நானே திறந்து துடைக்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். அது கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்த பூச்சாக இருக்கக்கூடும். இருட்டில் இப்போது ஒளிரவில்லையே என்று எண்ண வேண்டாம். கெட்டுப்போனது ஒளிரும் கலவைதான். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். பொடி மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. கண்ணாடி விரிசலில்லாமல் மூடியிருந்தால் ஒரு சிறு டப்பாவில் தனியாக வையுங்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது ரேடியம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பின்மூடியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று பொறித்த பழைய கடிகாரத்தை மழையில் கட்டலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: கூடாது. அதன் ரப்பர் வளையம் எப்போதோ இறுகிப்போயிருக்கும். கை கழுவும்போதுகூடக் கழற்றி வைப்பது நல்லது.