காய்ந்த மாம்பழம் மறுபடி இளகாமல் இருக்க

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். மின்சார உலர்த்தி வாங்கி மாம்பழம், அன்னாசி, கரட், போஞ்சி எல்லாம் காயவைத்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு வைத்தேன். ஒரு மாதத்துக்குள் போஞ்சி துவண்டுவிட்டது, மாம்பழம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஒரு டப்பாவில் பூஞ்சணமும் பிடித்திருக்கிறது. ஒரு வருடம் வைத்துச் சாப்பிட வழி இல்லையா? இளகியதை மறுபடி காயவைக்கலாமா?

பதில்: ஒரு வருடம் வைக்கலாம். ஆனால் அலுமாரியில் இல்லை, பிரீசரில். நன்றாகக் காய்ந்த பழம் 15 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும், 27 பாகையில் ஆறு மாதம்தான். காய்கறிக்கு அதில் பாதி. கொழும்பின் சராசரி வெப்பமே 27, 28 பாகை. ஆகவே வெளியே வைக்கும் பழத்துக்கு ஆறு மாதம், காய்கறிக்கு மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள்.

உங்கள் டப்பாக்களைக் கெடுத்தது பெரும்பாலும் காற்றின் ஈரம். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்பே கசிந்து கட்டியாகிவிடும், காய்ந்த போஞ்சியும் அப்படித்தான் ஈரத்தை இழுக்கும். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி அதைத் தடுக்காது. மெல்லிய பொலித்தீன் பையும் தடுக்காது.

முதலில், போதுமான அளவு காய்ந்ததா என்று பாருங்கள். சூட்டோடு தொட்டால் எல்லாமே மென்மையாகத்தான் இருக்கும், எனவே ஆறவிட்டுப் பாருங்கள். போஞ்சியும் கரட்டும் படக்கென்று ஒடிய வேண்டும். மாம்பழம் ஒடியத் தேவையில்லை. ஒரு துண்டைக் கிழித்து, கிழிந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். ஒரு பொட்டு ஈரம்கூடக் கசியக்கூடாது. ஆறியதும் உடனே போத்தலில் அடையுங்கள். இரவு முழுக்கத் தட்டிலேயே விட்டால் காய்ந்தது வீணாகிவிடும்.

அடுத்து வருவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் மிக முக்கியம். ஒரே தட்டில் காய்ந்தாலும் தடித்த துண்டுக்குள் ஈரம் மிச்சம் இருக்கும். கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும், அமுக்காமல் போட்டு இறுக மூடுங்கள். ஏழு முதல் பத்து நாள் வரை தினமும் ஒருமுறை குலுக்குங்கள். ஈரமான துண்டில் இருந்து காய்ந்த துண்டுக்கு ஈரம் பரவிச் சமமாகிவிடும். குலுக்கும்போது போத்தலின் தோள்பட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்பக்கம் இலேசாகப் பனி படிந்திருந்தால் காய்ந்தது போதவில்லை, எல்லாவற்றையும் திரும்ப உலர்த்தியில் போடுங்கள். இது பழங்களுக்குச் சொல்லப்பட்ட முறைதான். ஆனாலும் நம் ஊர்க் காற்றுக்குக் காய்கறிக்கும் செய்வது நல்லது.

பத்து நாள் தாண்டியதும் சின்னச் சின்ன ஜாம் போத்தல்களுக்கு மாற்றுங்கள். ஒரு சமையலுக்கு ஒரு போத்தல் என்ற அளவு போதும். பெரிய போத்தலை ஒவ்வொரு நாளும் திறந்தால் ஒவ்வொரு நாளும் ஈரம் உள்ளே போகும், ஐப்பசி மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். இருட்டான இடத்தில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் கரட்டின் நிறமும் சத்தும் போய்விடும். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு வேண்டாம்.

ஒட்சிசனை உறிஞ்சும் பொட்டலம் போட்டால் நெடுநாள் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். ஒடியும் காய்கறிக்குச் சரி. மென்மையாக இருக்கும் மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் போடாதீர்கள். ஈரம் 10 வீதத்துக்கு மேல் உள்ள பொருளில் ஒட்சிசனையும் எடுத்துவிட்டால், காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு வழிவிடும் ஆபத்து இருக்கிறது.

பிரீசரில் வைப்பதும் அதே இறுகிய போத்தலில்தான். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், அப்புறம் திறவுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த துண்டுகள்மேல் தண்ணீர் முத்து முத்தாகப் படியும். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தது என்றால், பூச்சி முட்டைகள் சாக, வெளியே வைப்பதற்கு முன்பும் -18 பாகையில் இரண்டு நாள் வைத்து எடுங்கள்.

இனி, கையில் உள்ளவை. துவண்டிருக்கிறது, ஆனால் வாசனையும் நிறமும் மாறவில்லை என்றால் மறுபடி காயவைத்து, முதலில் அதைச் சாப்பிட்டு முடியுங்கள். பூஞ்சணம் பிடித்த டப்பாவை அப்படியே கொட்டிவிடுங்கள். நல்ல துண்டைப் பொறுக்கி எடுக்க வேண்டாம். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, காயவைத்தாலும் சமைத்தாலும் முழுதாகப் போகாது.