பூமி எரிந்துபோகும் என்கிறார் மூப்பர், நான் சபையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துபவர்களில் நானும் ஒருத்தி. பருவநிலை மாற்றம் பற்றியும் வெளிநாட்டு ஊழியர்கள் படும் பாடு பற்றியும் ஒரு ஞாயிறு ஆராதனையில் பேச அனுமதி கேட்டேன். மூப்பர் ஒருவர், "இது அரசியல். சபைக்கு ஆத்தும ஆதாயம்தான் வேலை. பூமி எப்படியும் அக்கினியில் வெந்துதான் போகும்" என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் நான் எது போட்டாலும் இப்போது சத்தமே இல்லை. "நமக்கெதுக்கு வம்பு" என்கிறார் அம்மா. வேறு சபைக்குப் போய்விடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

போக வேண்டாம். மூன்று பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்று தோன்றுகிறது, அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மூப்பருக்கு எழுபது தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1987-இல் அவர் முப்பதுகளில் இருந்திருப்பார். அந்த வருடம் மார்க்சியச் சதி என்று சொல்லி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 22 பேரைத் தடுத்துவைத்தார்கள், அவர்களில் கத்தோலிக்கத் திருச்சபையில் சமூகப் பணி செய்தவர்களும் இருந்தார்கள். வருடக் கடைசியில், இங்கே தலைமையகம் வைத்திருந்த ஆசியக் கிறிஸ்தவ மாநாடு என்ற திருச்சபைகளின் கூட்டமைப்பையும் வெளியேற்றினார்கள். அப்புறம் 1990-இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிரசங்க மேடையில் மதத்தையும் அரசியலையும் கலப்பவரைத் தடுக்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. என் மாமா ஒருவர் அந்த வருடங்களுக்குப் பிறகு சபைக் கூட்டத்தில் ஜெபம் பண்ணுவதைத் தவிர வேறு எதற்கும் வாய் திறந்ததில்லை. உங்கள் மூப்பர் 'அரசியல்' என்று சொன்னது உங்களை மட்டம் தட்டுவதற்காக என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது பயமாகத்தான் கேட்கிறது, உங்களுக்காகவும் சேர்த்துப் பட்ட பயமாக.

ஆனால் பயத்துக்கு இந்த விஷயத்தில் காரணம் இல்லை. கார்பன் வரி 2019-இலேயே வந்துவிட்டது, 2024-இல் அது வெளியேற்றும் வாயு டன்னுக்கு 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2026-இல் 45 வெள்ளி. கடல் மட்டம் உயர்வதிலிருந்து தீவைக் காப்பாற்ற 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கே சொன்னார். பிரதமர் மேடை போட்டுச் சொன்ன விஷயத்தை நீங்கள் சபையில் சொன்னால் மட்டும் அரசியலாகிவிடுமா? பதாகை பிடித்துத் தெருவில் இறங்குவதாக இருந்தால் சட்டம் வேறு, அனுமதி வேறு, ஆனால் நீங்கள் அதையா கேட்டீர்கள்?

பூமி எரிந்துபோகும் என்பது 2 பேதுரு 3-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது, வசனத்தை அவர் இட்டுக்கட்டவில்லை. சரி, மூப்பர் குடியிருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்தானே? 99 வருடக் குத்தகை. முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு என்று தெரிந்தும் மனிதர் கூரை ஒழுகினால் மேல்வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறார், பெயிண்ட் அடிக்கிறார், வாசலில் பூந்தொட்டி வைக்கிறார். லேவியராகமம் 25:23-ஐ அவரோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள். நிலத்தை அறுதியாய் விற்காதே, தேசம் என்னுடையது என்று கர்த்தர் சொல்லிவிட்டு, நீங்கள் என்னிடத்தில் "பரதேசிகளும் புறக்குடிகளும்" என்கிறார். நாமும் குத்தகைக்காரர்கள்தான், அதுவும் வெளியூர்க்காரர்கள். நீங்கள் தனித்தனியாகப் பேச நினைத்த இரண்டு விஷயமும், நிலமும் வெளிநாட்டு ஊழியரும், அந்த ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இது நேற்று முளைத்த ஃபேஷன் என்று யாராவது சொன்னால், கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முதுபெரும் தலைவர் டிமிட்ரியோஸ் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தது 1989-இல் என்று சொல்லுங்கள். பூமியைப் பேணுவது பற்றிக் கத்தோலிக்கர்களின் 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல் வந்ததே 2015-இல்தான்.

இப்போது உங்கள் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே வாரத்தில் அந்தக் குழுவில் பதினோரு இணைப்புகள் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் ஆங்கிலம், எல்லாம் துருவப் பனிக்கட்டி. நானாக இருந்தாலும் சத்தத்தை அணைத்து வைத்திருப்பேன். உங்கள் சபையில் நாசரேத், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனை? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த இரண்டு நாள் ஊருக்குப் போன் போகாமல் இங்கே எத்தனை பேர் தூங்காமல் கிடந்தார்கள்! அதைக் கேளுங்கள். குழுவே பேச ஆரம்பித்துவிடும்.

அதைவிட முக்கியம், மாலை ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காரும் தம்பிகள். அவர்களைப் 'பற்றி' பேச அனுமதி கேட்டீர்கள், அவர்களிடம் பேசினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி கம்பி கட்டும் வேலை பார்க்கிறார். மதியம் கம்பி சூடேறி கையுறையைத் தாண்டிச் சுடும், அதனால் இரண்டு கையுறை போட்டுக்கொள்வார், அப்படிப் போட்டால் முடிச்சுப் போட வராது என்று சிரித்துக்கொண்டே காட்டினார், விரல் நுனியெல்லாம் காய்ப்பு. பருவநிலை மாற்றம் என்ற வார்த்தையை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் விதியே இருக்கிறது. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்தது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு தர வேண்டும் (போனில் நாம் பார்க்கும் டிகிரி வேறு, இது வேறு). இது அந்தத் தம்பிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஓய்வு கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், நீங்களாக எங்கேயும் புகார் எழுதிவிடாதீர்கள். வேலை போனால் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு இல்லை. என்ன செய்யலாம், தன் பெயர் வெளியே வரலாமா என்பதை அவர் சொல்லட்டும். சபையில் யாராவது கட்டுமான நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருப்பார், அவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள், மேடையைவிட அது சீக்கிரம் வேலை செய்யும். 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இங்கே வந்தபோது, வெளிநாட்டு ஊழியர்களுக்கு நியாயமான ஊதியம் கிடைக்க வேண்டும் என்று தலைவர்கள் கூடிய மண்டபத்திலேயே சொன்னார், யாரும் எழுந்து போய்விடவில்லை.

அம்மாவிடம் வாதம் பண்ணாதீர்கள். அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுக்கு நுரைப்பெட்டி வேண்டாம், தட்டு வைக்கலாம், கழுவ நானும் என் ஆட்களும் நிற்கிறோம் என்று சொல்லுங்கள். பாத்திரம் கழுவ ஆள் இருக்கிறது என்றால் அம்மாக்கள் எதற்கும் சம்மதிப்பார்கள்.

ஆராதனையில் பேசும் வாய்ப்பை இப்போது திரும்பக் கேட்க வேண்டாம். அந்தத் தம்பிகளில் ஒருவர் சாட்சி நேரத்தில் தானாகவே எழுந்து பேசுகிற நாள் வரலாம், அன்றைக்கு மூப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதுவரை ஞாயிறு மாலை ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஆள் கிடைக்காது, கடைசி ஜெபத்துக்கு ஆமென் சொன்னதும் தங்குவிடுதி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள்.