ஸ்பானிஷ் மெனுவை ஆங்கிலத்தில் போடுவது எப்படி?

மாட்ரிட்டில் ஒரு சிறிய உணவகத்தில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "மெனுவை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி முதலாளி சொல்லிவிட்டார். பெயர்களை மொழிபெயர்ப்பதா, அப்படியே விடுவதா? மொத்தமாக முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட், கொடுக்கலாமா?"

பெயரை அப்படியே விடுங்கள். அதன் கீழே தட்டில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். 'ரோபா வியேஹா' என்பதற்கு நேர்ப்பொருள் பழைய துணி, அதை ஆங்கிலத்தில் போட்டு என்ன பயன்? பிய்த்த கறியும் கொண்டைக்கடலையும் சேர்த்து வதக்கியது என்று சொன்னால்தான் வந்தவருக்குப் புரியும்.

'போகாதியோ வெஹெத்தால்' மட்டும் தனிக்கதை. பெயரைப் பார்த்து 'வெஜிடேரியன் சாண்ட்விச்' என்று எழுதிவிடுகிறார்கள். லெட்டூஸ், தக்காளியோடு அவித்த முட்டை, மயோனைஸ், பெரும்பாலும் டூனா மீனும் உள்ளே இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர் அதை நம்பி வாங்கிக் கடித்த பிறகு மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அதனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லையே அங்கே போடாதீர்கள், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள், உங்கள் கடையில் டூனா வைப்பதில்லை என்றாலும் முட்டையை விட்டுவிடாதீர்கள். பச்சை பீன்ஸ் பொரியல் மாதிரி வருவதிலும் ஹாமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைத் துண்டுகள் கிடக்கும், அதையும் சொல்லுங்கள்.

ஏஜென்ட்டா? இவர்களில் பலர் சமையலறைக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கணினியில் போட்டு எடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, ஃபைலைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, அப்புறம் ஒரு வரி திருத்தவும் தனிக்காசு கேட்பார்கள். காசு கொடுக்கும் முன் 'கயோஸ்', 'செக்ரெத்தோ' இரண்டையும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். முதலாவது மாட்டின் இரைப்பை, கால் ஆணிக்கும் அதே சொல்தான். இரண்டாவது பன்றியின் தோள்பக்கத்துக் கறி, அதற்கு நேர்ப்பொருள் ரகசியம். கால் ஆணி, ரகசியம் என்று பதில் வந்தால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வாமை தரும் 14 பொருட்களைச் சொல்லியாக வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஸ்பெயினின் 2015 ஆணைப்படி அந்த விவரம் ஸ்பானிஷில் இருந்தாலே போதும். ஊர் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சட்டம்! நண்டும் நிலக்கடலையும் ஆகாதவருக்கு அந்தக் காகிதம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆகவே அதையும் ஆங்கிலத்தில் போடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் சமையல்காரரோடு உட்கார்ந்து, எந்த சூப்புக்கு எந்த எலும்புச் சாறு, எந்த எண்ணெயில் மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்து பொரிகிறது என்று வரிவரியாகக் கேட்டு எழுதுங்கள்.